போனின் ஜெர்மன் குரல் தட்டச்சு: உச்சரிப்பைச் சோதிக்க எவ்வளவு நம்பலாம்?

ஆண்ட்ராய்டு போனில் உள்ள ஜீபோர்டு கீபோர்டின் மைக் பட்டனை உச்சரிப்புப் பயிற்சிக்காக யாரும் செய்து வைக்கவில்லை. நாம் பேசுவதை எழுத்தாக அடித்துத் தருவதுதான் அதன் வேலை. ஆனால் ஜெர்மனின் ஆரம்ப நிலையான ஏ1-ஐத் தொடங்கும் ஒருவருக்கு இது நல்ல தேர்வாளராகப் பயன்படும். நீங்கள் சொன்னது ஜெர்மன் காதில் என்னவாக விழுந்திருக்கும் என்பதை முகதாட்சண்யம் பார்க்காமல் திரையில் காட்டிவிடும். புதுச்சேரியிலும் கடலூரிலும் நர்சிங் முடித்தவர்களும் இன்ஜினீயரிங் மாணவர்களும் மாலை வகுப்புகளில் ஜெர்மன் கற்கிறார்கள். அந்த வகுப்புகளில் இலக்கணம் நடத்தவே நேரம் சரியாகிவிடும். ஒவ்வொருவர் நாக்கும் எங்கே படுகிறது என்று பார்க்க ஆசிரியருக்கு வழியில்லை. அந்தக் குறையில் பாதியை இந்த மைக் தீர்க்கிறது. மீதிப் பாதியை இதனால் தீர்க்க முடியாது. எது எந்தப் பாதி என்று தெரியாமல் பயன்படுத்தினால் தப்பான பழக்கத்தைச் சரி என்று நம்பிவிடும் ஆபத்து உண்டு.

முதலில் அமைப்பு. கீபோர்டு செட்டிங்ஸில் மொழிகள் பகுதிக்குப் போய் ஜெர்மனைச் சேருங்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து என்று பிரிவுகள் வரும், ஜெர்மனியைத் தேர்ந்தெடுங்கள். மைக் எந்த மொழியைக் கேட்கிறது என்பது அந்த நேரத்தில் எந்தக் கீபோர்டு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. தமிழ் அல்லது ஆங்கிலக் கீபோர்டு திறந்திருக்கும்போது ஜெர்மன் பேசினால் குப்பைதான் வரும். பலர் இங்கேயே சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். ஜெர்மன் கீபோர்டு திறந்திருக்கிறதா என்று பார்க்கச் சுலபமான அடையாளம்: மேல் வரிசையில் ஒய் இருக்கும் இடத்தில் இசட் இருக்கும். ஐபோனிலும் ஜெர்மன் கீபோர்டைச் சேர்த்து இதே வேலையைச் செய்யலாம்.

போனை வாய்க்கு நேராகப் பிடிக்க வேண்டாம். ஒரு சாண் தூரத்தில், கன்னத்துக்குப் பக்கவாட்டில் பிடியுங்கள். ஜெர்மனில் காற்றை வேகமாக விடும் ஒலிகள் நிறைய. அந்தக் காற்று நேராக மைக்கில் மோதினால் கருவி குழம்பும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்காரக் கூடாது. மாலையில் புதுச்சேரி கடற்கரைச் சாலையிலோ தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையிலோ உட்கார்ந்து பயிற்சி செய்வது மனதுக்கு நன்றாக இருக்கும், ஆனால் கடல்காற்றில் கிடைக்கும் முடிவுகளை நம்ப முடியாது.

அடுத்தது பலரும் செய்யாத, ஆனால் மிக முக்கியமான வேலை: முதலில் கருவியைச் சோதிக்க வேண்டும். டூடன் இணைய அகராதியில் பல சொற்களுக்கு ஒலிப்பதிவு இருக்கிறது. அதை இன்னொரு போனில் ஒலிக்கவிட்டு, உங்கள் போனின் மைக் என்ன எழுதுகிறது என்று பாருங்கள். ஜெர்மானியர் குரலையே அது தப்பாக எழுதினால் அந்தச் சொல் சோதனைக்கு உதவாது, விட்டுவிடுங்கள். சரியாக எழுதினால் அந்தச் சொல்லில் நீங்கள் தோற்பதற்கு உங்கள் வாய்தான் காரணம்.

முழு வாக்கியமாகச் சோதிப்பதும் ஏமாற்றும். சூழலை வைத்து ஊகிக்கும் வகையில்தான் இந்தக் கருவிகள் செய்யப்பட்டிருக்கின்றன. 'ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிறேன்' என்ற வாக்கியத்தில் தேவாலயம் (Kirche) என்ற சொல்லைச் செர்ரிப்பழம் (Kirsche) என்று பொருள்படும்படி உச்சரித்தாலும், அது தானாகத் திருத்தித் தேவாலயம் என்றே எழுதிவிடும். அதனால் ஒலியில் நெருங்கிய இரண்டு சொற்களை ஜோடியாக எடுத்து, தனிச் சொல்லாகவோ, 'நான் சொல்வது' என்பதுபோல எந்தக் குறிப்பும் தராத ஒரு தொடருக்குப் பின்னாலோ சொல்லிப் பாருங்கள். ஜோடியை மாற்றி மாற்றிச் சொல்லி ஐந்தில் நான்கு முறை சரியாக வந்தால் அடுத்ததற்குப் போகலாம்.

இனி இந்தக் கருவி எதைப் பிடிக்கும் என்பதைப் பார்ப்போம். தமிழ் பேசுபவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது ப, ட, க வரிசையில். ஜெர்மனில் சீட்டுகள் (Karten) என்பதற்கும் தோட்டம் (Garten) என்பதற்கும் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே 'கர்ட்டன்'. பாஸ்போர்ட்டைக் குறிக்கும் சொல்லும் (Pass) கனத்த ஆண்குரலைக் குறிக்கும் சொல்லும் (Bass) இரண்டுமே 'பஸ்'. தமிழ் எழுத்தில் உச்சரிப்பு அச்சிட்டு வரும் கையடக்க ஜெர்மன் புத்தகங்களை இதனால்தான் நம்பக் கூடாது. ஒலியைப் பிரித்துக் காட்ட அவற்றிடம் எழுத்தே இல்லை.

வித்தியாசம் குரலில் மட்டும் இல்லை, காற்றிலும் இருக்கிறது. ஜெர்மன் சொல்லின் தொடக்கத்தில் வரும் கே, பி, டீ (k, p, t) ஆகிய மூன்று எழுத்துகளும் ஒரு ஊதலோடு வெளிவரும். தமிழில் நாம் 'கடல்', 'பணம்' என்று சொல்லும்போது அந்த ஊதல் கிடையாது. ஊதாமல் சொன்னால் ஜெர்மன் காதுக்கு அது ஜி, பி, டி (g, b, d) வரிசையாகவே கேட்கும். சீட்டு கேட்டவருக்குத் தோட்டம் என்று எழுதிக் காட்டும். இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பேருந்து டிக்கெட்டைக் கிழித்து உதட்டுக்கு முன்னால் தொங்கவிடுங்கள். சீட்டு என்று சொல்லும்போது காகிதம் ஆட வேண்டும், தோட்டத்துக்கு ஆடக் கூடாது. காகிதம் ஆடப் பழகியபின் மைக்கில் சோதியுங்கள். இந்தச் சோதனையில் கருவி மிக நன்றாக வேலை செய்கிறது.

இதற்கு நேர் எதிரில், தமிழருக்குப் பிறவியிலேயே கிடைத்த வசதி குறில் நெடில். ஜெர்மனில் உயிரின் நீளம் மாறினால் பொருள் மாறும். 'ஷ்டட்' நகரம், 'ஷ்டாட்' அரசு. 'ஒஃபன்' திறந்திருப்பது, 'ஓஃபன்' அடுப்பு. 'பெட்' படுக்கை, 'பேட்' பூப்பாத்தி. நமக்கு இது காதிலேயே இருக்கிறது. எழுத்தைப் பார்த்து எது குறில் எது நெடில் என்று கண்டுபிடிக்கும் விதியைத்தான் கற்க வேண்டும். உயிருக்குப் பின் மெய் இரட்டித்தால் குறில். உயிர் இரட்டித்தாலோ, உயிருக்குப் பின் ஹெச் வந்தாலோ நெடில். அந்த ஹெச்சை உச்சரிக்கக் கூடாது. ஐ-க்குப் (i) பின் ஈ எழுத்து (e) வந்தால் 'ஈ' என்று நீளும். இடம் மாறி ஈ முன்னால் வந்தால் 'ஐ' ஆகிவிடும். நீளத்தை மைக் பெரும்பாலும் சரியாகவே பிடிக்கிறது.

ஆனால் இங்கேயே ஒரு குழியும் இருக்கிறது, அதை மைக் காட்டாது. எழுத்தில் மெய் இரட்டித்திருப்பதைப் பார்த்ததும் தமிழ் நாக்கு அந்த மெய்யை அழுத்தி நீட்டிவிடும். வருவதைக் குறிக்கும் சொல்லை 'கொம்மன்' என்று சொல்வோம், அது 'கொமன்'. அங்கே இரட்டை எழுத்து, முன்னால் உள்ள உயிர் குறில் என்று காட்ட மட்டுமே வந்தது. நம் பழக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. தமிழில் உயிர்களுக்கு நடுவே ஒற்றை ட வந்தால் 'பாடு' என்பதைப் போல மெலிந்து ஒலிக்கும்; வலிந்து ஒலிக்க வேண்டுமானால் 'பாட்டு' என்று இரட்டிக்க வேண்டும். வலிமையையும் நீளத்தையும் தமிழ் சேர்த்தே கட்டி வைத்திருக்கிறது, ஜெர்மன் பிரித்து வைத்திருக்கிறது. வாடகையைக் குறிக்கும் சொல்லைத் தமிழில் எழுத 'மீட்டெ' என்றுதான் முடியும், ஆனால் அங்கே ட் நீளாது. மெய்யைத் தொட்டதும் விட்டுவிட வேண்டும். கருவி இரண்டையும் ஒரே சொல்லாக எழுதிவிடுவதால், இதைச் சரிசெய்ய உங்கள் குரலைத் தனியாக ரெக்கார்டு செய்து டூடன் ஒலியோடு ஒப்பிட்டுக் கேட்பதுதான் வழி.

சொல்லின் இறுதியிலும் நம் இலக்கணம் குறுக்கே வரும். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. முடிய நேர்ந்தால் ஒரு உகரத்தை ஒட்டிவிடுவோம். ஜெர்மனில் அப்படி ஒட்டினால் ஒருமை பன்மையாகிவிடும். 'ஹுண்ட்' ஒரு நாய். 'ஹுண்டெ' பல நாய்கள். 'டாக்' ஒரு நாள். 'டாகெ' பல நாட்கள். நாம் 'டாகு' என்று உரசி முடித்தால் மைக் பன்மையை எழுதும். திரையில் கடைசியில் ஈ எழுத்து தோன்றினாலே உகரம் ஒட்டியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். இறுதியில் டி, ஜி, பி (d, g, b) என்று எழுத்தில் இருந்தாலும் ட், க், ப் என்று வல்லினமாகவே சொல்ல வேண்டும் என்பது இன்னொரு விதி. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு பெயரிலேயே இவை எல்லாம் இருக்கின்றன. அவருடைய ஊரில் 'ட்ஸீகன்பல்க்' என்பார்கள்: முதலில் உள்ள இசட் 'ட்ஸ்', அடுத்து ஐயும் ஈயும் சேர்ந்து 'ஈ', இறுதி ஜி வல்லின 'க்'. கடைசி உகரம் நாம் சேர்த்தது. இசட்டை எப்போதும் 'ட்ஸ்' என்றே சொல்லுங்கள். ஆங்கிலப் பழக்கத்தில் உரசினால் மைக் வேறு சொல்லுக்குப் போய்விடும்.

சொல்லின் தொடக்கத்தில் நாம் சேர்க்கும் ய், வ் இரண்டையும் கருவி நன்றாகக் காட்டிக் கொடுக்கும். பேச்சுத்தமிழில் 'எ' என்பது 'யெ' ஆகவும் 'ஒ' என்பது 'வொ' ஆகவும் நழுவும். பாட்டியைக் குறிக்கும் 'ஓமா' நம் வாயில் 'வோமா' ஆகிவிட்டால் மைக் திணறும். புணர்ச்சிப் பழக்கமும் சேர்ந்துகொள்ளும்: முந்திய சொல்லின் மெய்யோடு அடுத்த சொல்லின் உயிரைச் சேர்த்துவிடுவோம். ஜெர்மனில் உயிரில் தொடங்கும் சொல்லுக்கு முன் தொண்டை ஒரு கணம் மூடித் திறக்கும். 'ஐன் அப்ஃபெல்' (ஒரு ஆப்பிள்) என்பதை 'ஐனப்ஃபெல்' ஆக்காமல், இரண்டுக்கும் நடுவே மூச்சை வெட்டுங்கள்.

இரண்டு புள்ளி வைத்த யூவும் ஓவும்தான் (ü, ö) பலருக்குப் பயம். செய்முறை எளிது. 'ஈ' என்று நீட்டுங்கள். நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவியுங்கள். வருவது இரண்டு புள்ளி யூ. 'ஏ' என்று நீட்டி உதட்டை 'ஓ'வுக்குக் குவித்தால் இரண்டு புள்ளி ஓ. உதடு குவியும்போது நாக்கும் சேர்ந்து பின்னால் போய்விடுவதுதான் வழக்கமான தவறு. நாக்கின் நுனி கீழ்ப்பல்லைத் தொட்டுக்கொண்டே இருக்கிறதா என்று கவனித்தால் போகாது. பிரெஞ்சு பழகிய புதுச்சேரிக்காரர்களுக்கு இது தயாராகவே இருக்கிறது. வெள்ளை நகரத்தில் 'ரூ துமா' என்ற தெருப்பலகையைப் பிரெஞ்சு முறையில் வாசித்தால் இரண்டு சொற்களிலும் வரும் உகரம் இதே ஒலிதான். 'ரூ' என்பதன் தொடக்கத்தில் தொண்டையில் உரசும் ர ஒலியும் ஜெர்மனுக்கு அப்படியே பொருந்தும். சோதிக்கச் சகோதரன், சகோதரர்கள் ஜோடியை எடுங்கள்; 'ப்ரூடா' என்பதில் யூ மேல் புள்ளி வந்தால் பன்மை, வராவிட்டால் ஒருமை. திரையில் புள்ளி விழுகிறதா என்று பார்த்தால் போதும்.

ர-வில் மெனக்கெட வேண்டாம். நாக்கு நுனியில் உருட்டும் ர-வைத் தென்ஜெர்மனியில் இயல்பாகவே கேட்கலாம், மைக்கும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் சொல் இறுதியில் ஈ-ஆர் என்று முடிந்தால் அங்கே ர கிடையாது, மெலிந்த 'அ' மட்டும்தான். ஆசிரியர் 'லேர', அப்பா 'ஃபாட்ட'. அப்பாவுக்கு முதலெழுத்து வி, ஒலி 'ஃப'. டபிள்யூ வந்தால் 'வ'. நாங்கள் (wir) என்பதும் நான்கு (vier) என்பதும் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் நிற்கின்றன.

சி-ஹெச் கூட்டெழுத்துக்கு இரண்டு ஒலிகள். ஏ, ஓ, யூ (a, o, u) ஆகியவற்றுக்குப் பின்னால் வந்தால் அடித்தொண்டையில் உரசும். 'பகல்' என்பதில் நாம் சொல்லும் க-வைக் குரல் இல்லாமல் அழுத்தி உரசினால் கிட்டத்தட்ட வந்துவிடும். ஐ, ஈ, இரண்டு புள்ளி எழுத்துகள், எல், என், ஆர் ஆகியவற்றுக்குப் பின்னால் வந்தால் மென்மையான ஒலி. இதற்கு 'ய்' என்று சொல்லத் தொடங்கி, குரலை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் ஊதுங்கள். உதடு குவியக் கூடாது, புன்னகைபோல் விரிந்திருக்க வேண்டும். உதடு குவிந்தால் 'ஷ்' ஆகிவிடும். முன்னே சொன்ன தேவாலயம் செர்ரியாவது அப்படித்தான். சமையலறை (Küche), கேக் (Kuchen) ஜோடியில் இரண்டு ஒலிகளும் இருப்பதால் பயிற்சிக்கு அருமையான ஜோடி: சமையலறையில் புள்ளி யூவும் மென்மையான சி-ஹெச்சும், கேக்கில் சாதா 'ஊ'வும் தொண்டை ஒலியும். இந்த இடத்தில் கருவி கொஞ்சம் கண்டிப்பாகவே இருக்கிறது. ஜெர்மனியிலேயே சில வட்டாரங்களில் இந்த ஒலி 'ஷ்' பக்கம் சாயும் என்பதால், பத்து நிமிடத்துக்கு மேல் இதோடு மல்லுக்கட்ட வேண்டாம். அடுத்த நாள் வந்து பாருங்கள்.

எண்களுக்கு இந்த மைக்கைவிட வசதியான பயிற்சி கிடையாது. நீங்கள் சொன்னதை இலக்கமாகவே அடித்துக் காட்டும். பதினாறும் அறுபதும், பதின்மூன்றும் முப்பதும் கடைசி அசையில்தான் வேறுபடும். அறுபதில் வரும் இறுதி 'இக்' எழுத்தில் ஜி-யோடு இருந்தாலும், செந்தர உச்சரிப்பில் மென்மையான சி-ஹெச் ஒலிதான். திரையில் 16 வந்ததா 60 வந்ததா என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

இனிக் கருவி கண்டுகொள்ளாதவை. மெய்யை நீட்டுவதை முன்பே சொன்னோம். தமிழ் ட-வின் மடங்கல் இன்னொன்று. 'ட' சொல்ல நாக்கை மேலே வளைக்கிறோம். ஜெர்மனில் வளைக்காமல் மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னால் ஈறைத் தொட வேண்டும். 'ல' சொல்லும்போது நாக்கு நுனி படும் இடம் அதுதான். அங்கே வைத்துக்கொண்டு ட் என்று விடுவித்துப் பழகுங்கள். மடங்கிய ட-வை மைக் புரிந்துகொண்டு எழுதிவிடும், ஆனால் எதிரில் இருக்கும் ஜெர்மானியருக்குப் பேச்சு கனமாகக் கேட்கும்.

மூன்றாவது அழுத்தம். ஜெர்மன் சொற்களில் பெரும்பாலும் முதல் அசை ஓங்கும். 'பெ', 'கெ', 'ஃபெர்', 'எர்', 'எண்ட்', 'ட்ஸெர்' என்று தொடங்கும் வினைகளில் அடுத்த அசை ஓங்கும். 'ஈரன்' என்று முடியும் வினைகளில் அந்த 'ஈ' ஓங்கும். 'உம்ஃபாரன்' என்ற வினையில் 'உம்' ஓங்கினால் வண்டியால் இடித்துத் தள்ளுவது. 'ஃபா' ஓங்கினால் சுற்றிக்கொண்டு போவது. எழுத்து ஒன்றேதான் என்பதால் மைக்கால் இதில் எதையும் காட்ட முடியாது. டூடனில் ஓங்கும் உயிருக்கு அடியில் குறியிட்டிருப்பார்கள்: குறிலுக்குப் புள்ளி, நெடிலுக்குக் கோடு. சொல்லின் நீளத்தையும் அழுத்தத்தையும் ஒரே பார்வையில் சொல்லிவிடும் அந்தக் குறியைப் பார்க்காமல் எந்தப் புதுச் சொல்லையும் நோட்டில் ஏற்றாதீர்கள்.

ஏ1 தேர்வுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று பாக்கி. கோதே இன்ஸ்டிட்யூட் ஏ1 தேர்வின் பேச்சுப் பகுதியில் தன்னை அறிமுகம் செய்தபின், ஏதாவது ஒரு சொல்லை எழுத்துக்கூட்டச் சொல்வார்கள், ஒரு எண்ணையும் சொல்லச் சொல்வார்கள். ஆங்கில எழுத்துப் பெயர்கள் இங்கேதான் காலை வாரிவிடும். ஜெர்மனில் ஏ-க்கு 'ஆ', ஈ-க்கு 'ஏ', ஐ-க்கு 'ஈ'. ஆங்கில வழக்கத்தில் 'ஈ' என்றால் தேர்வாளர் ஐ எழுதிக்கொள்வார், 'ஏ' என்றால் ஈ எழுதிக்கொள்வார். வி 'ஃபௌ', டபிள்யூ 'வே', ஜே 'யோட்', இசட் 'ட்ஸெட்', ஹெச் 'ஹா'. வில்லியனூர்க்காரர் 'ஃபௌ' என்று தொடங்க வேண்டும். 'வி' என்று தொடங்கினால் டபிள்யூதான் விழும். லாஸ்பேட்டை (Lawspet) எழுத்துக்கூட்ட 'எல், ஆ, வே, எஸ், பே, ஏ, டே', இந்தக் கடைசி 'டே' ஊதலோடு. கடலூருக்கு (Cuddalore) 'ட்ஸே, ஊ, டே, டே, ஆ, எல், ஓ, எர், ஏ', இங்கே 'டே' ஊதல் இல்லாமல். ஒரே எழுத்து அடுத்தடுத்து வந்தால் எழுத்துக்கு முன் 'டொப்பெல்' என்று சேர்த்துச் சொல்லலாம்.

இந்தப் பயிற்சிக்கு மைக்கை நம்ப வேண்டாம். தனித்தனி எழுத்துகளைச் சொல் என்று நினைத்து ஒட்டிவிடும். வகுப்புத் தோழர் ஒருவருக்குப் போன் செய்து, அவர் பார்த்திராத ஊர்ப்பெயர்களைச் சொல்லுங்கள். அவர் எழுதியதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிச் சரிபாருங்கள். வீடியோ வேண்டாம், குரல் மட்டும் போதும். உதட்டைப் பார்த்து ஊகிக்கும் வாய்ப்பு அவருக்கு இருக்கக் கூடாது.